சரக்கு விமானத்தில் பறந்தவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போர்முனையில் இருந்தவர்களின் நினைவுகளைப் பத்திரிகைகள் அவ்வப்போது வெளியிடுகின்றன. நல்ல பணி. ஆனால் சரக்கு விமானங்களில் பறந்தவர்கள் அந்தப் பக்கங்களில் அரிதாகவே தென்படுகிறார்கள். தென்பட்டாலும், சண்டை விமானிகளுக்கென்று தயாரித்த கேள்விகளையே அவர்களிடமும் கேட்கிறார்கள்: பயந்தீர்களா, எதிரி எவ்வளவு பக்கத்தில் வந்தான், சாவு கண்ணுக்குத் தெரிந்ததா. ஒரு லோட்மாஸ்டரோ (சரக்கை ஏற்றிக் கட்டி இறக்கும் பொறுப்பாளர்) ஃப்ளைட் இன்ஜினியரோ (பறக்கும்போது எஞ்சின்களைக் கவனிப்பவர்) இவற்றுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். அதே மனிதரிடம் "அன்றைக்கு என்ன லோடு, எங்கே வைத்து எப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். அவர் கண்ட போர் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. இதைத் தங்கள் இதழுக்குச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

1971-இல் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. 1962-இல் ஆன்டனோவ்-12, பாக்கெட், டகோட்டா விமானங்களில் பறந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். பதிவு செய்வதென்றால் இப்போதே செய்ய வேண்டும். சரியான கேள்விகளைக் கேட்பதற்குக் கேட்பவருக்கும் அந்த வேலை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவற்றைக் கீழே தருகிறோம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள இரண்டு எடுத்துக்காட்டுகள். 1942 முதல் 1945 வரை அசாமின் சாபுவா, தின்ஜான், மோகன்பாரி போன்ற தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்கு நடந்த விமானப் போக்குவரத்தை 'ஹம்ப்' என்பார்கள். ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு அவ்வழியே போனது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது எதிரியின் குண்டு அல்ல. மலை, பனி, காற்று, எஞ்சின் கோளாறு. மற்றது ஸ்டாலின்கிராட். 1942-43 குளிர்காலத்தில் அங்கே முற்றுகையில் சிக்கிய ஜெர்மன் படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. சராசரியில் அதன் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. ஒரு படை பிழைப்பதும் அழிவதும் 'இன்றைக்கு எத்தனை டன்' என்ற கணக்கில் தொங்கியிருந்தது. அந்த டன்களை ஏற்றியவர், கட்டியவர், தள்ளிவிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை.

டகோட்டாவில் பறந்தவர் கிடைத்தால் சரக்கு அறைத் தளத்தின் சரிவைப் பற்றிக் கேளுங்கள். அது வால் சக்கர விமானம். தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. சரக்கு ஏற்றும் கதவு இடப்பக்கம், பின்னால் இருக்கிறது. ஆக, எந்தப் பொருளை ஏற்றினாலும் கதவருகே தூக்கி, உள்ளே திருப்பி, அங்கிருந்து ஏற்றத்தில் முன்னோக்கித் தள்ள வேண்டும். ஜீப்பை ஏற்றுவதென்றால் கதவுக்குள் முன்சக்கரம் நுழைந்த கையோடு பின்பாகத்தை ஆட்கள் தூக்கித் திருப்பியாக வேண்டும். கட்டி முடிக்கும் முன் கைவிட்டால் எல்லாம் வால் பக்கம் உருண்டு வரும். உயரமான இறக்கை, தரையோடு தாழ்ந்த சமதளம், பின்பக்கம் திறக்கும் ராம்ப் (சாய்வுப் பலகை) என்று பின்னாளில் சரக்கு விமானங்களின் வடிவமே மாறியதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம். 1954-இல் முதலில் பறந்த சி-130 ஹெர்குலிஸின் தளம் ஒரு லாரியின் தட்டு உயரத்தில் இருப்பது தற்செயல் அல்ல. லாரியைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினால் சரக்கு நேராக உள்ளே போகும்.

அடுத்து எடையும் அது உட்காரும் இடமும். இதுதான் வேலையின் உயிர். ஒவ்வொரு பொருளின் எடையையும், விமானத்தில் குறித்துவைத்த ஒரு புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். முன்னாலிருந்து 8 மீட்டரில் 2,000 கிலோ, 10 மீட்டரில் 3,000 கிலோ, 13 மீட்டரில் 1,500 கிலோ என்று மூன்று பேலட்டுகள் (சரக்கை அடுக்கிக் கட்டிய தட்டுகள்) இருந்தால் லோடின் மையம் ஏறத்தாழ 10.08 மீட்டரில் விழும். அவசரத்தில் முதல் பேலட்டும் மூன்றாவதும் இடம் மாறிவிட்டால் அதே 6,500 கிலோவின் மையம் 10.46 மீட்டருக்குப் போய்விடும். ஒரு கிலோகூடக் கூடவில்லை. மையம் மட்டும் 38 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்துவிட்டது. மையம் பின்னால் போகப் போக மூக்கு தானாக மேலே எழும், வால் கட்டுப்பாடு குழையும். எல்லை தாண்டினால் ஓடுபாதையை விட்ட உடனேயே விமானி எவ்வளவு அழுத்தினாலும் மூக்கு இறங்காது. முன்னால் அதிகமாகப் போனால் தூக்கவே முடியாமல் ஓடுபாதை தீர்ந்துபோகும்.

அமைதிக் காலத்தில் இதைச் செய்வது சிரமமில்லை. போரில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், சீட்டில் எழுதிய எடை உண்மையானதாக இருப்பதில்லை. மழையில் நனைந்த மூட்டை கனத்துப்போயிருக்கும். வீரர்களின் எடைக்கு ஒரு சராசரி வைத்திருப்பார்கள். அவர்களோ கூடுதல் தோட்டா, தண்ணீர், பேட்டரி என்று ஆளுக்குப் பத்து கிலோ அதிகமாகச் சுமந்து ஏறுவார்கள். ஹெர்குலிஸில் 92 பேர் ஏறினால் 920 கிலோ எந்தத் தாளிலும் இல்லாமல் பறக்கும். தராசு இல்லாத இடத்தில் அனுபவசாலிகள் டயரின் புடைப்பையும், சக்கரக் கால்களில் அதிர்ச்சி தாங்கும் ஸ்ட்ரட் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதையும் பார்த்து 'இது சீட்டில் உள்ள எடை இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்தக் கண்ணளவைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

கட்டுவது தனிக் கலை. அமெரிக்க முறையில் சரக்கு முன்னோக்கி அதன் எடையைப்போல மூன்று மடங்கு விசைக்கும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்குக்கும், மேல்நோக்கி இரண்டு மடங்குக்கும் தாங்கும்படி கட்ட வேண்டும். முன்னோக்கி ஏன் அதிகம் என்றால், மோதி நின்றாலும் திடீரென்று பிரேக் போட்டாலும் சரக்கு பாய்வது விமானியின் முதுகை நோக்கி. 10,000 பவுண்டு வண்டி என்றால் முன்னோக்கி 30,000 பவுண்டு பிடிப்பு வேண்டும். கையில் 10,000 பவுண்டுக்கான சங்கிலிகள் இருக்கின்றன. மூன்று போதும் என்று தோன்றும். போதாது. சங்கிலி தளத்தோடு 30 பாகையும் விமானத்தின் நடுக்கோட்டோடு 30 பாகையும் சாய்ந்து போவதால் அதன் வலிமையில் நான்கில் மூன்று பங்கு மட்டுமே முன்னோக்கிப் பிடிக்கும். 7,500 பவுண்டு. ஆகவே நான்கு சங்கிலி. பின்னோக்கி 15,000 பவுண்டுக்கு இரண்டு. எப்போதும் ஜோடியாக, இடமும் வலமும் ஒத்த கோணத்தில். சங்கிலியை நேராக மேலே செங்குத்தாகக் கட்டினால் பார்க்க விறைப்பாக இருக்கும், முன்னோக்கி ஏறக்குறைய ஒன்றையும் பிடிக்காது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு, ஒரே திசைக்குச் சங்கிலியையும் நைலான் ஸ்ட்ராப்பையும் கலந்து கட்டுவது. நைலான் நீளும், இரும்பு நீளாது. குலுங்கும்போது முழுச் சுமையும் முதலில் சங்கிலி மேல் விழும். அது அறுந்த பிறகுதான் ஸ்ட்ராப்புக்கு முறை வரும். கணக்கில் இரண்டையும் கூட்டி எழுதியிருப்பார்கள், நிஜத்தில் இரண்டின் வலிமையும் சேர்ந்து கிடைக்காது. இன்னொன்று: ஸ்ட்ராப் பறந்து சிறிது நேரத்தில் தளரும். புறப்பட்ட பின் ஒரு சுற்று, உயரம் மாறிய பின் ஒரு சுற்று, இறங்குமுன் ஒரு சுற்று என்று போய் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் உலகமே பார்த்தது. ராணுவ வண்டிகள் ஐந்தை ஏற்றிப் புறப்பட்ட ஒரு 747 சரக்கு விமானத்தில் பின்கோடியில் இருந்த கவச வண்டி கட்டறுந்து பின்னோக்கிப் பாய்ந்து ஹைட்ராலிக் குழாய்களையும் வால் கிடைப்பலகையை அசைக்கும் திருகுத் தண்டையும் உடைத்தது. ஏழு பேரும் இறந்தார்கள். இதை வெறும் 'லோடு நகர்ந்தது' என்று சுருக்கிவிடுகிறார்கள். எடை பின்னே போனது மட்டும் காரணமல்ல, போன எடை வாலை இயக்கும் கருவிகளை இடித்தது என்பதுதான் விசாரணை காட்டியது. அவ்வளவு கனமான, உருளும் பொருளுக்கு எத்தனை கட்டு வேண்டும் என்ற செயல்முறையிலேயே குறை இருந்தது.

பேலட்டுகளைப் பற்றியும் கேளுங்கள். 463எல் என்ற அலுமினியத் தட்டு 108 அங்குலம் நீளம், 88 அங்குலம் அகலம். ஓரத்தில் 22 வளையங்கள், ஒவ்வொன்றும் 7,500 பவுண்டு தாங்கும். தட்டு மொத்தம் 10,000 பவுண்டு. மூன்று வலைகள் போர்த்திக் கட்டுவார்கள். இந்த விவரம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காதது இது: அந்தத் தட்டை வெறும் தரையில் வைக்கக் கூடாது. அடியில் மூன்று கட்டைகள் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் அடித்தகடு நெளியும், சிறு கற்கள் ஒட்டும். நெளிந்த தட்டு ரோலர் மேல் ஓடாது. ஓரப் பூட்டு அதன் பள்ளத்தில் விழாது. வான்வழி வீசும் நேரத்தில் நடுவழியில் சிக்கி நிற்கும் தட்டுக்குப் பெரும்பாலும் காரணம் நான்கு நாள் முன்பு யாரோ அதைச் சரளையில் போட்டுவிட்டுப் போனதுதான்.

தளம் தாங்குமா என்பதும் உண்டு. 4 அங்குலச் சதுரக் கால் ஒன்று நேராகத் தளத்தில் நின்றால் அதன் சுமை 16 சதுர அங்குலத்தில் இறங்கும். அடியில் 2 அங்குலப் பலகை போட்டால் சுற்றிலும் பலகையின் கனத்தளவு பரவி 8 அங்குலச் சதுரமாகும், அதாவது 64 சதுர அங்குலம். ஒரே பலகையில் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. 1962 அக்டோபரில் இந்திய விமானப்படையின் ஆன்டனோவ்-12 விமானங்கள் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்குகளை லடாக்கின் சுஷூலுக்கு ஏற்றிச் சென்றதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். பதினான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை அந்தத் தளத்தில் எப்படி ஏற்றினார்கள், எந்தப் பலகை, எத்தனை சங்கிலி, டாங்கின் ஓட்டுநர் எந்த வேகத்தில் ராம்ப் ஏறினார், சைகை காட்டியவர் எங்கே நின்றார்? அந்த வேலையைச் செய்தவர்கள் இருந்தால் இந்தக் கேள்விகளைத் தாமதமின்றிக் கேட்க வேண்டும்.

வானிலிருந்து வீசுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வாசகர்களுக்குத் தவறான படம் மனதில் இருக்கிறது. கதவைத் திறந்து தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

பர்மாப் போரில் டகோட்டாவிலிருந்து அரிசியைப் பாராசூட் இல்லாமலே போட்டார்கள். இரட்டைச் சாக்கு முறை: உள்சாக்கில் அரிசி, அதைவிட மிகப் பெரிய வெளிச்சாக்கு தளர்வாக. தரையில் மோதும்போது உள்சாக்கு வெடிக்கும், சிதறும் அரிசியை வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும். வெளிச்சாக்கை இறுக்கமாகத் தைத்தால் இரண்டும் சேர்ந்து கிழியும். தோட்டா, மருந்து போன்றவற்றுக்குப் பாராசூட் வேண்டும். பட்டும் நைலானும் கிடைக்காதபோது சணலில் பாராசூட் செய்தார்கள். மனிதர்களுக்கு ஆகாது, சரக்குக்குப் போதுமானதாக இருந்தது.

டகோட்டா மணிக்கு 110 மைல் வேகத்தில் பறந்தால் வினாடிக்கு 49 மீட்டர். காட்டுக்குள் வெட்டிய வீசுதளம் 300 மீட்டர் நீளம் என்றால் தள்ளிவிட ஆறு வினாடிதான். 40 கிலோ மூட்டைகள் அறுபது இருந்தால், ஒரு சுற்றுக்கு ஆறேழு என்று ஒன்பது பத்துச் சுற்று. ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தாக்கு, அதே உயரம், கீழே துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஒத்திகை பார்க்க ஒன்பது வாய்ப்பு. சுற்றைக் குறைக்க எல்லா மூட்டையையும் முன்கூட்டியே கதவருகே குவித்து வைக்கலாமே என்று கேட்பார்கள். கதவு இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. குவித்தால் ஈர்ப்பு மையம் பின்னே போகும், மலை இடுக்கில் மெதுவாகத் திரும்பும் விமானம் தூக்கிப் போட்டுவிடும். அந்தந்தச் சுற்றுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவர வேண்டும். மேலே மெல்லிய காற்றில், ஆக்சிஜன் குழாய் எட்டாத இடத்தில், திறந்த கதவருகே குனிந்து நிமிர்ந்து இதைச் செய்தவர்கள் விமானிகள் அல்லர். தரைப்படையின் வழங்கல் பிரிவு ஆட்கள்.

வியட்நாம் காலத்து முறை வேறு. ஒவ்வொன்றும் 2,200 பவுண்டு வரை தாங்கும் கான்வாஸ் கட்டுகள், ஹெர்குலிஸில் இரண்டு வரிசையாகப் பதினாறு. அடியில் அதிர்ச்சி தாங்கத் தேன்கூடு அட்டை அடுக்குகள். எல்லாவற்றையும் ஒரே ஒரு ஸ்ட்ராப் தடுத்து நிற்கும். வீசும் இடம் நெருங்கியதும் விமானி மூக்கைச் சற்று உயர்த்துவார், நேவிகேட்டர் பச்சை விளக்குக் கொடுப்பார், கத்தி அந்த ஸ்ட்ராப்பை அறுக்கும், தளம் சாய்ந்திருப்பதால் கட்டுகள் தாமே உருண்டு வெளியேறும். வேகம் 130 நாட், அதாவது வினாடிக்கு 67 மீட்டர். கத்தி ஒரு வினாடி தாமதித்தால் சரக்கு 67 மீட்டர் தள்ளி விழும். பதினாறும் வெளியேற ஆறு வினாடி ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே 400 மீட்டர். உருளும்போது ஈர்ப்பு மையம் பின்னே ஓடி, கடைசிக் கட்டு வெளியேறியதும் சட்டென்று முன்னே குதிக்கும். இரண்டையும் விமானி கையில் எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டு சிக்கிக்கொண்டால் அதற்கடுத்து வெளியேற வேண்டிய எல்லாம் நிற்கும். லோட்மாஸ்டர் இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றோடு திறந்த ராம்ப்பை நோக்கிப் போய் நெம்புகோலால் விடுவிக்க வேண்டும்.

உயரம் கூடினால் காற்று முதலாளி. நொடிக்கு எட்டரை மீட்டர் இறங்கும் கட்டு 600 அடியிலிருந்து இருபது வினாடி சொச்சத்தில் தரை தொடும். 10 நாட் காற்றில் 110 மீட்டர் விலகும். அதே கட்டை 10,000 அடியிலிருந்து போட்டால் ஏறத்தாழ ஆறு நிமிடம் மிதக்கும், அதே காற்றில் 1.8 கிலோமீட்டர் தள்ளிப்போகும். 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் முற்றுகையில் சிக்கிய பிரெஞ்சுப் படைக்கு நடந்தது இதுதான். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சி-119 (பாக்கெட்) விமானங்களை மேலே விரட்ட விரட்ட, சரக்கு முற்றுகையிட்டவர்கள் கையில் விழத் தொடங்கியது. 1972-இல் தென் வியட்நாமின் ஆன் லாக்கிலும் தாழப் பறந்த ஹெர்குலிஸ்கள் அடிபட்டன. உயரத்தில் போட்டு, தரைக்கு அருகே வந்த பிறகே பாராசூட் விரியச் செய்யும் முறைக்கும், தரை ராடார் சொல்லும் நொடியில் போடும் முறைக்கும் மாற வேண்டியிருந்தது. பாராசூட்டை மடித்தவரின் நினைவும் விமானத்தில் பறந்தவரின் நினைவும் சேர்ந்தால்தான் இந்தக் கதை முழுமையாகும், அவர்களையும் தேடுங்கள்.

இறங்கி இறக்குவதற்கும் ஒரு வேக முறை இருந்தது. வியட்நாமின் கே சானில் 1968-இல் 77 நாள் முற்றுகையின்போது ஓடுபாதையில் நின்ற விமானம் மோர்ட்டாருக்கு இலக்கு. ஆகவே எஞ்சினை அணைக்காமல், ராம்ப்பைத் தாழ்த்தி, பூட்டுகளைத் திறந்து, பிரேக்கைப் பிடித்தபடி விசையைக் கூட்டி, பிரேக்கை விட்டால் விமானம் முன்னே துள்ளும், பேலட்டுகள் இருந்த இடத்திலேயே தங்கித் தரையில் இறங்கிவிடும். நிமிடக் கணக்கு வேலை வினாடிக் கணக்காகிவிடும். ராம்ப்பின் விளிம்பு தரையைத் தொடாத சரியான உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் ஓடுபாதையில் உரசி வளையும். இறங்கவும் முடியாதபோது, தரைக்குச் சில அடி மேலே பறந்தபடி பாராசூட்டால் சரக்கை வெளியே இழுக்கும் முறையும், ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் கொக்கி மாட்டி இழுக்கும் முறையும் அங்கே பயன்பட்டன.

எஞ்சினைக் கவனித்தவர்களிடம் குளிர் காலைகளைப் பற்றிக் கேளுங்கள். நட்சத்திர வடிவ பிஸ்டன் எஞ்சின்களில் இரவெல்லாம் எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினால் எண்ணெய் அமுங்காது, பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அன்றைக்குத் தெரியாமல் போய், பத்து மணி நேரம் கழித்து நடுவானில் உடையும். எனவே முதலில் கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்ற வேண்டும். தடை தட்டினால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது, திருப்பியும் சுற்றக் கூடாது. கீழ் சிலிண்டரின் ப்ளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். கடுங்குளிரில் முந்தைய மாலை எஞ்சினை அணைக்கும் முன்பே எண்ணெயில் சிறிது பெட்ரோல் கலந்து விடுவார்கள். காலையில் இளகியிருக்கும், சூடானதும் பெட்ரோல் ஆவியாகிவிடும். கலவை அதிகமானால் எண்ணெய் நீர்த்து பேரிங் தேயும். எவ்வளவு நேரம் கலப்பது என்பது கடிகாரமும் வெப்பமானியும் சேர்ந்து சொல்லும் கணக்கு.

உயரமான இடங்களிலுள்ள விமானத்தளங்களின் கணக்கும் கடுமையானது. 1948 மே 24 அன்று இந்திய விமானப்படையின் மெஹர் சிங் லடாக்கின் லேயில் டகோட்டாவை இறக்கினார். 1962-இல் அதே லடாக்கின் தவுலத் பேக் ஓல்டியில், ஏறத்தாழ 16,600 அடியில், ஒரு பாக்கெட் விமானம் இறங்கியது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடுதான். வேகமானி 100 நாட் காட்டும்போது விமானம் உண்மையில் 129 நாட்டில் தரை தொடும். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் இரண்டு பங்கு அதிகம். எஞ்சினின் விசையோ குறைவு. பாக்கெட்டுகளின் முதுகில் ஒரு ஜெட் எஞ்சினைக் கூடுதலாக ஏற்றியது இதனால்தான். அத்தகைய தளங்களில் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு திரும்புவதும் அதற்காகத்தான்: வெப்பம் கூடினால் காற்று இன்னும் மெலியும், மதியத்தில் பள்ளத்தாக்குக் காற்றும் கிளம்பும்.

உயரம் சரக்கையும் விட்டுவைக்காது. ஹம்ப்பில் போனதில் பெரும்பகுதி பெட்ரோல் பீப்பாய்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 165 கிலோ அளவில் இருக்கும். கடல் மட்டத்தில் இறுக மூடியதை 18,000 அடிக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் பாதியாகிவிடும். உள்ளிருந்து மூடித் தகட்டின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான விசை தள்ளும். தகடு புடைக்கும், தையலில் கசியும். ஆகையால் விளிம்புவரை நிரப்பக் கூடாது, அடைப்பானின் வளையத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும், நெளிந்த பீப்பாயை ஒதுக்க வேண்டும். அறையில் பெட்ரோல் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

திரும்பும் வழியில் அதே சரக்கு அறையில் காயமடைந்தவர்கள் வந்தார்கள். ஹெர்குலிஸில் எழுபதுக்கும் மேற்பட்ட ஸ்ட்ரெச்சர்களை அடுக்கலாம். உள்ளே அழுத்தம் 8,000 அடிக்குச் சமமாக இருந்தாலே உடலில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். மார்பிலோ கண்ணிலோ காற்று சிக்கிய காயம் என்றால் தாழப் பறக்க வேண்டும் என்று விமானியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புது மாவுக்கட்டைப் பிளந்து வைக்க வேண்டும். அழுத்தமூட்டப்படாத டகோட்டாவுக்கு மலைக்கு மேலே போவதா, மலைக்கு நடுவே போவதா என்பதே முடிவு. ஆன்டனோவ்-12-இல் விமானிகள் இருக்கும் அறைக்கு அழுத்தம் உண்டு, சரக்கு அறைக்குக் கிடையாது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தவர்தான் அதில் பறந்தவரிடம் சரியாகப் பேச முடியும்.

வீரச் செயல்கள் வேண்டும் என்றால் அவையும் இந்த வேலைக்குள்தான் இருக்கின்றன. 1969 பிப்ரவரி 24 அன்று வியட்நாமில் ஏ.சி-47 (துப்பாக்கிகள் பொருத்திய டகோட்டா) விமானத்தின் லோட்மாஸ்டர் ஜான் லெவிடோ, உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிதறல் காயங்களோடு, பாதுகாப்பு ஊசி கழன்று புகைந்த ஃப்ளேரை (வெளிச்சக் குண்டை)த் தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே தள்ளினார். வெளியே போன கையோடு அது பற்றியது. 1972 ஏப்ரலில் ஆன் லாக்குக்கு மேலே சார்லஸ் ஷாப் எரியும் வெடிமருந்துச் சரக்கை விமானத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார். இருவருடைய பெயரும் விருதுகளோடு பதிவாகியிருக்கிறது. கட்டின் எந்தப் பூட்டை எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பது கைக்குப் பழகியிருந்தால்தான் புகையிலும் கண்மூடி இந்த வேலையைச் செய்ய முடியும். 1971 டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டாங்கயிலில் பாராசூட் படையை இறக்கிய ஆன்டனோவ், பாக்கெட், டகோட்டா, காரிபூ விமானங்களில் இருந்தவர்களுக்கும், அதே மாதம் சரக்கு அறையிலிருந்து குண்டுகளை உருட்டிவிட்ட ஆன்டனோவ்-12 காரர்களுக்கும் சொல்வதற்கு இதே அளவு இருக்கும். நான்கு வகை விமானம், நான்கு வேகம். ஒரே இடத்தில் ஒரே மாலையில் எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதே ஒரு தனிக் கட்டுரை.

தங்கள் இதழ் இத்தகைய பதிவை எடுத்துக்கொண்டால் சில யோசனைகள். நேர்காணலுக்குப் போகும்போது அந்தந்த விமானத்தின் சரக்கு அறைத் தளப்படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, லோடை வரையச் சொல்லுங்கள். இரண்டடிச் சங்கிலியும் கட்டை இறுக்கும் ஒரு ராட்செட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது, காணொளியில் கையைப் பிடியுங்கள். பறந்த விவரங்களை எழுதிவைத்த லாக்-புக் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள், குறிப்பு எழுதும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பழைய லோடு ஷீட்டுகளைப் பழுப்புக் காகிதம் என்று வீட்டார் எறிந்துவிடுவதற்கு முன் கேட்டு வாங்கிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. ப்ரொப்பெல்லர்களின் சுழல் வட்டத்தருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும், உச்ச ஒலிகள் முதலில் போயிருக்கும். கத்திப் பேசினால் புரியாது. எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து, உதடு தெரிய, நிதானமாகக் கேளுங்கள். முக்கியக் கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். கூட இருந்து பறந்தவர்கள் இருவரை ஒன்றாக உட்காரவைக்க முடிந்தால், ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சரக்கு விமானப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர்